காவல் தூதரிடம் செபிக்கலாமா? – கடிதம்

வணக்கம்.

பெரம்பூரில் இருக்கிறோம். நாங்கள் கத்தோலிக்கர், மருமகன் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை எனும் சீர்திருத்த சபை). பேத்தியைத் தூங்க வைக்கும்போது, நம்மைக் காக்கக் கடவுள் அனுப்பும் வானதூதரான காவல் தூதரிடம் வேண்டும் செபம் சொல்லித் தருகிறேன். “கடவுளிடம் மட்டும்தான் ஜெபிக்கணும் அத்தை” என்கிறார் மருமகன். இதற்கிடையில், பிறந்த தேதியை வைத்துக் காவல் தூதரின் பெயரைக் கண்டுபிடிக்கும் அட்டவணை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அந்தப் பெயரைப் பேத்திக்குச் சொல்லித் தரலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

அந்த அட்டவணையை முதலில் அழித்துவிடுங்கள். கத்தோலிக்க விவிலியம் பெயர் சொல்லும் தூதர்கள் மூவரே: மிக்கேல், கபிரியேல், இரபேல். வேறு பெயர்களால் தூதர்களை அழைத்த ஒரு செபத்தை 745இல் திருத்தந்தை (போப்) சக்கரியா உரோமையில் கூட்டிய ஆயர்கள் சங்கம் கண்டித்தது. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட பக்தி முயற்சிகளுக்கான வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. பெயர் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லிக் காரியம் சாதிக்கலாம் என்று மனம் நினைக்கத் தொடங்கும். பிறகு அது செபமல்ல, மந்திரம்.

உங்கள் மருமகனின் தயக்கத்துக்கு விவிலிய ஆதாரம் உண்டு. திருவெளிப்பாடு 22இல் யோவான் தூதரின் காலடியில் விழுகிறார். தூதரோ அவரைத் தடுத்து, கடவுளைத் தொழச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் தூதர்களை ஆராதிப்பதில்லை, துணைக்கு அழைக்கிறது. இந்த வேறுபாட்டை இரவு ஒன்பது மணிக்குக் குழந்தையின் கட்டிலருகே விவாதிக்க வேண்டாம். செபத்தைத் தந்தையாகிய கடவுளிடமே சொல்லுங்கள்: “ஆண்டவரே, உமது தூதரை அனுப்பி இவளைக் காத்தருளும்.” சீர்திருத்த சபைகளின் முன்னோடி மார்ட்டின் லூதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி நூலின் காலை, மாலை ஜெபங்கள் இப்படித்தான் கடவுளிடம் தூதரின் துணையைக் கேட்டு முடிகின்றன. உங்கள் மருமகனும் இதற்கு மனமார ஆமென் சொல்லலாம்.

வாசகத்துக்குத் திருப்பாடல் 91:11, மத்தேயு 18:10 இரண்டும் போதும். இரு வீட்டு விவிலியத்திலும் அவை இருக்கின்றன. இரபேல் வரும் தோபித்து நூல் சி.எஸ்.ஐ. வேதாகமத்தில் இருக்காது. அந்தக் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

குழந்தையிடம் இரண்டு பேச்சைத் தவிர்க்க வேண்டும். “தப்பு பண்ணினா தூதர் பார்த்துக்கிட்டே இருப்பார்” என்று மிரட்டினால், இருட்டில் யாரோ உளவு பார்ப்பதாகப் பயந்து தூக்கம் கெடும். “தூதர் இருக்கார், உனக்கு ஒண்ணும் ஆகாது” என்பது அதைவிட ஆபத்து. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்த அன்று, தூதர் எங்கே போனார் என்று கேட்பாள். தூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்று சொல்லும் அதே திருப்பாடல் 91ஐக் காட்டித்தான் சாத்தான் இயேசுவைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான் (மத்தேயு 4:6). கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று இயேசு மறுத்துவிட்டார். ஆகவே, “தூதர் கூட வருவார், நீ ரெண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடக்கணும்” என்று சேர்த்தே சொல்லுங்கள். விழுந்தாலும் அவள் தனியாக இல்லை என்பதே நம் விசுவாசம்.

அக்டோபர் 2, நம் நாள்காட்டியில் காவல் தூதர்கள் நினைவு. செப்டம்பர் 29 மிக்கேல், கபிரியேல், இரபேல் விழா. சி.எஸ்.ஐ.யின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் மரபிலும் அதே நாள் மிக்கேலுக்கும் எல்லாத் தூதர்களுக்கும் உரியது. அன்றைக்கு மகளும் மருமகனும் பேத்தியோடு எந்தக் கோவிலுக்குப் போனாலும் நீங்களும் கூடப் போங்கள்.