கோழி, ஆட்டுக்குட்டியை நரிகிட்ட இருந்து காப்பாத்த என்ன செய்யலாம்? மருந்து வைக்கலாமா?

மருந்து மட்டும் வைக்காதீங்க. இதைச் சொல்லத்தான் பதில் எழுதவே உக்காந்தேன், மத்ததெல்லாம் அப்புறம். நீங்க கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தா ஊர்ல கொஞ்சம் நிலம், அதுல நாட்டுக்கோழி, ரெண்டு மூணு ஆடு, பார்த்துக்க வயசான அப்பா அம்மா, நீங்க வெளியூர் வேலைல இருந்துட்டு லீவுக்கு மட்டும் போறீங்கன்னு தோணுது. அப்படித்தான்னு வச்சுக்கிட்டே சொல்றேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல வாலிநோக்கம் பக்கம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவுல பூராம் பனையும் காட்டுக்கருவேலும். நரி இங்க புதுசா வந்து குடியேறின ஜீவன் இல்ல. ராத்திரியில கரையோரம் நண்டு தேடும், பனம்பழம் திங்கும், எலி பிடிக்கும், கருவாடு காயப்போடுற இடத்தைச் சுத்தி மோந்துக்கிட்டே திரியும். கோழி சுலபமா கிடைச்சா விடுமா, அதையும் தூக்கும்.

எங்க வீட்டுல கோழி வரிசையா காணாமப் போக ஆரம்பிச்சப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரர் மீன் தலையில பயிருக்குப் போடுற குருணை பூச்சிமருந்தைத் தடவி வேலி ஓரமா போட்டுட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. போட்டு முடிச்சிட்டு வந்து, "அக்கா, இனிமே நரி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது, நிம்மதியா தூங்குங்க"ன்னார். வெள்ளன எந்திரிச்சு போறேன், எங்க நாய் மணி தொட்டிக்கிட்ட படுத்துக் கிடக்கு, வாயெல்லாம் எச்சி நுரையா வடியுது, நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்குது, நான் கூப்பிட்டதுக்கு வாலை மட்டும் ஒருதரம் அசைச்சுச்சு. டாக்டருக்கு போன் போட்டு ஆட்டோ வர்றதுக்குள்ள போயிருச்சு. குட்டியில இருந்து நான் சோறு போட்டு வளர்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மயிலு, ரெண்டு மூணு காக்கா செத்துக் கிடந்துச்சு. நரிக்கு ஒண்ணும் ஆகல, மறுநாள் ஈர மணல்ல அதோட தடம் அப்படியே இருந்துச்சு.

தடம்னதும் ஒண்ணு சொல்லணும். தூக்குனது நரிதானான்னு முதல்ல பாருங்க. நரி தடம் நாய் தடத்தை விட ஒடுக்கமா, நீளவாக்குல இருக்கும், நடு விரல் ரெண்டும் அடியில ஒட்டுன மாதிரி பதியும். நரி பெரும்பாலும் கோழியை முழுசா கவ்விட்டுப் போயிரும், இறகு கருவேலம் புதர் வரைக்கும் சிந்திக் கிடக்கும். கோழி அங்கயே செத்துக் கிடந்து கழுத்துலயும் தலையிலயும் மட்டும் கடி இருந்தா கீரியா இருக்கும். ஏழெட்டு கோழியைக் குதறிப் போட்டுட்டு திங்காம போயிருந்தா பெரும்பாலும் தெருநாய்தான். எங்க ஊர்ல பாதி பழி நரி மேல சும்மா விழுது.

கூட்டுக்கு கோழி வலைன்னு கடையில தர்ற மெல்லிசு கம்பி வலை ஆகாது, கடிச்சு இழுத்தா பிரிஞ்சிரும். வெல்டு மெஷ், அதாவது கம்பியைக் குறுக்கும் நெடுக்குமா வச்சு பத்தவச்ச கெட்டி வலை வாங்குங்க, கீரியும் நுழையாத மாதிரி சின்னக் கண்ணா பார்த்து வாங்குங்க. மேலயும் மூடியே ஆகணும். எங்கள மாதிரி மணல் தரையா இருந்தா சுவரை விட தரைதான் பிரச்சினை, கொஞ்ச நேரத்துல தோண்டி உள்ள வந்துரும். அதனால வலையை கூட்டோட நிறுத்தாம வெளிப்பக்கமா ரெண்டடிக்கு தரையில படுக்க விட்டு, மேல உடைஞ்ச ஹாலோ பிளாக்கை அடுக்கி மண்ணைப் போட்டு மூடிட்டேன். சுவர் ஓரம் வந்து தோண்டுனா கால் வலையிலதான் மாட்டும். இன்னொண்ணு, உப்புக்காத்து. மேல பளபளன்னு இருக்கிற வலை மண்ணுல படுற இடத்துல துருப்பிடிச்சுப் போயிருக்கும், கட்டைவிரலால அழுத்துனா பொடிப்பொடியா உதிரும். மழைக்காலம் முடிஞ்சதும் அந்த அடி வரிசையை ஒருதரம் தடவிப் பாருங்க.

பழைய மீன்வலையை சுத்திக் கட்டுறது எங்க பக்கம் வழக்கம். பகல்ல கோழி வெளிய போகாம இருக்க சரி, ராத்திரிக்கு அதை நம்பாதீங்க.

ஆட்டுக்குட்டிக்கு, வயல்ல மந்தையை ராத்திரி தங்க வச்சு கிடை போட வர்ற கீதாரிங்க, அதான் ஊர் ஊரா ஆடு மேய்க்கிறவங்க, செய்யுறதைப் பாருங்க. பெரிய ஆடுங்க வெளிய கிடக்கும், குட்டிங்களை மட்டும் குடாப்புல, அதாவது கவுத்து வச்ச பெரிய கூடை மாதிரி கூண்டுல அடைச்சிருவாங்க, பக்கத்துலயே கட்டிலைப் போட்டு ஆளு படுத்திருப்பாரு, கூட நாய். நாய் இருந்தா போதுமேன்னு உங்களுக்குத் தோணலாம், நாய் குரைச்சுச் சொல்லத்தான் செய்யும், எந்திரிச்சுப் போக ஆளு வேணும்ல.

"நரிக்கு வக்காலத்து வாங்குறியா, உன் கோழி போனா தெரியும்"னு கீழ வந்து எழுதுவாங்க. என் கோழியும்தான் போயிருக்கு. ஆனா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2022ல கொண்டு வந்த திருத்தப்படி நரி முதல் அட்டவணையில இருக்கு, கொன்னா 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில். அவுட்டுக்காய், அதான் கடிச்சா வெடிக்கிற நாட்டு வெடி வைக்கிறது, இபி லைன்ல இருந்து வேலிக்கு கரண்டு இழுக்கிறது எல்லாம் அதை விட மோசம், ராத்திரி ஒண்ணுக்குப் போன மனுசனே செத்திருக்கான்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்து சந்தைக்குக் கொண்டு போனா "கடையில இதை விட கம்மியா கிடைக்குதே"ன்னு பேரம் பேசுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அவங்க சொல்றது கொட்டகையில தீவனம் போட்டு வளர்த்த கிராஸ் கோழி. அதை நாட்டுக்கோழின்னு போர்டு வச்சு விக்கிறாங்க, எவரும் கேக்கிறதில்ல. மேய்ஞ்சு வளர்ற கோழி எடை வர எத்தனை மாசம் ஆகும், அதுல நரிக்கும் பருந்துக்கும் போனது எவ்வளவுன்னு வாங்குறவங்க யோசிக்கணும். செல்போன் கடையில பேரம் பேசுறாங்களா?

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். கருக்கல்ல கோழி அடைஞ்சதும் எண்ணிப் பார்த்து கதவைச் சாத்தணும், விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்தப்புறம்தான் திறக்கணும், நரி நடமாடுறது அந்த ரெண்டு நேரமும்தான் அதிகம். அம்மாவுக்கு முட்டி வலின்னா கூட்டை வீட்டு வாசல்கிட்டயே கொண்டு வந்துருங்க. சாத்துறதுக்கு தினமும் யாரு இருப்பாங்கன்னு அவங்ககிட்ட பேசி முடிவு பண்ணிட்டு அப்புறமா அடுத்த ஈடு குஞ்சு வாங்குங்க.