மூலப் படங்களை அழித்த வாசகருக்கு

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாக டிஜிட்டல் கேமராவில் நெபுலா எனும் வாயு மேகங்களையும் கேலக்ஸிகளையும் படமெடுத்து வருகிறேன். இப்போது ஒரு சலிப்பு. ஒரே இடத்தை எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறத்தைக் கூட்டி, இரைச்சலை நீக்கி முடித்தபின் கிடைப்பது நான் எடுத்த படமா, கணினி வரைந்ததா என்றே தெரியவில்லை. ஃபிலிம்தான் உண்மை, அதில் ஒளி நேரடியாகப் பதிகிறது என்கிறார்கள் நண்பர்கள். பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கிவிட்டேன். எந்த ஃபிலிம் நல்லது? டிஜிட்டலில் சரியாக வராத நெபுலாச் சிவப்பு ஃபிலிமில் வருமா? முதல் வேலையாக, அடுக்கி முடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு லேசாகிவிட்டது. கடைசி இரண்டு வரிகளைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் கனக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் கேட்டவற்றை முடித்துவிடலாம்.

அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளி. சாதாரண டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வடிகட்டியை மாற்றினால் சிவப்பு வரும். ஃபிலிமிலும் எல்லாம் ஒன்றுபோல இல்லை. ஃபியூஜியின் அக்ராஸ் நீண்ட நேர எக்ஸ்போஷரில் சோர்ந்துபோகாத ஃபிலிம் என்று பேர் வாங்கியது. ஆனால் இந்தச் சிவப்பு அதன் கண்ணில் அநேகமாகப் படாது.

'ஃபிலிம்தான் உண்மை' என்ற பேச்சை நண்பர்களிடமே விட்டுவிடுங்கள். மங்கலான ஒளியை நெடுநேரம் காட்டினால் பெரும்பாலான ஃபிலிம்கள் வேகம் குறைந்துவிடும். அதனால் கோடக்கின் டெக்னிக்கல் பான் ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் மணிக்கணக்கில் சூடுபடுத்திவிட்டுத்தான் பயன்படுத்தினார்கள். வானப் புகைப்படக்காரர் டேவிட் மாலின் மூன்று கறுப்பு வெள்ளைத் தட்டுகளை, அதாவது ஒளியுணர் பூச்சுள்ள கண்ணாடிகளை, சேர்த்து ஒரு வண்ணப்படம் செய்தார், இருட்டறையில் மங்கலானதைப் பெருக்கிக் காட்டினார். அவர் அப்படிக் கண்டுபிடித்த மாலின் 1 என்ற ராட்சத கேலக்ஸி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கைவேலை அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இனி நீங்கள் செய்த காரியத்துக்கு வருவோம்.

எனக்கு வானத்தைப் பழக்கியவர் காலமான பிறகு அவருடைய நெகட்டிவ்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளாக அவற்றைத்தான் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு உறையிலும் பென்சிலில் தேதி, திறந்த நேரம், மூடிய நேரம், லென்ஸ். ஒன்றில் ஆண்ட்ரோமீடா. நெகட்டிவ் என்பதால் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகள், கேலக்ஸி ஒரு மைக்கறை, குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு. உறையில் 'செயற்கைக்கோள், 10.20, மேற்கிலிருந்து' என்று இருக்கிறது. படம் கெட்டுப்போயிற்று என்று அவர் தூக்கிப் போடவில்லை. மனிதர் ரசித்துச் சிரிக்கிற ரகமில்லை, ஆனால் நேரம் எழுதாமல் ஒரு படத்தைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "எப்ப எடுத்ததுன்னு தெரியாத வானம் எனக்கு எதுக்கு?" என்பார்.

நீங்கள் அழித்தது அந்த 'எப்போது' என்பதைத்தான், எஸ். அடுக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? எல்லாப் படங்களிலும் இருப்பதை வைத்துக்கொள்கிறது, ஒன்றிரண்டில் மட்டும் வந்துபோவதைக் குப்பை என்று கழித்துவிடுகிறது. விமானமும் செயற்கைக்கோளும் போகின்றன, சரி. கூடவே, நகர்ந்துகொண்டிருந்த சிறுகோள் ஒன்று இருந்தால் அதுவும் போய்விடும். மிஞ்சுவது அழகான படம். அதில் அந்த இரவு என்ன நடந்தது என்பது இருக்காது.

2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவில் விக்டர் பூசோ என்ற அமெச்சூர் வானியலாளர், புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற கேலக்ஸியைக் குறுகிய எக்ஸ்போஷர்களாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு விண்மீன் வெடித்த முதல் வெளிச்சம் அந்த வரிசையில் விழுந்தது. அடுத்தடுத்த படங்களில் புள்ளி பிரகாசமாகிக்கொண்டே போனது. அந்த வேகம்தான் செய்தி, 2018இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிட்டு மற்றதை அழித்திருந்தால் மிஞ்சியிருப்பது ஒரு புள்ளி. ஃபிலிமில் ஒரே நீண்ட எக்ஸ்போஷராக எடுத்திருந்தாலும் அதே கதிதான். ஃபிலிமால் முடியாத ஒன்று உங்கள் கையில் இருந்தது, ஃபிலிம் மேல் வந்த காதலில் அதைத் துடைத்துவிட்டீர்கள்!

அப்படி ஒன்றும் என் படங்களில் இருந்திருக்காது என்பீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த பிறகு பழைய தட்டுகளைத் தேடினார்கள். அதே லோவல் ஆய்வகம் 1915இல் எடுத்த தட்டுகளில் அது மங்கலாக உட்கார்ந்திருந்தது. எடுத்தவர்கள் கவனிக்கவில்லை, ஆனால் தட்டை உடைத்துப் போடவும் இல்லை. ஹார்வர்ட் வானாய்வகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன, மிகப் பழையவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நடுவில் 1950களில் அந்த ஆய்வகத்தின் இயக்குநர் மென்செல் செலவைக் குறைக்கப் படமெடுப்பதை நிறுத்தினார். பத்தாண்டுக்கு மேல் வானம் பதிவாகவில்லை. ஒரு விண்மீனின் நூறாண்டு வரைபடம் போட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். அதை 'மென்செல் இடைவெளி' என்றே சொல்கிறார்கள். அவராவது செலவைப் பார்த்தார். ஒரு இரவின் படங்கள் உங்கள் டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும், ஐந்தாறு ஜிபி? அதற்காகவா?

சரி, திட்டினது போதும். சலிப்பு எனக்கும் புரிகிறது. இரவெல்லாம் பனியில் நின்றுவிட்டு, பகலெல்லாம் திரையில் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். ஃபிலிம் கேமராவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ரோலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். டிஜிட்டலிலும் கிளம்புவதற்கு முன் கேமராக் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். டார்க் (லென்ஸை மூடி எடுப்பது), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுப்பது) என்ற திருத்தப் படங்களைத் தொகுத்து மாஸ்டர் என்ற ஒற்றைப் படமாகச் செய்தபின் அவற்றின் மூலங்களை வேண்டுமானால் கழிக்கலாம். வானத்தை எடுத்ததில் ஒன்றைக்கூடக் கழிக்காதீர்கள்.

அழித்தது எந்த டிஸ்க்? சுழலும் பழைய ரகம் என்றால் இந்த நிமிடமே அதில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள், மீட்பு மென்பொருளை வேறொரு டிஸ்கிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு, ஆனாலும் முயலுங்கள். மெமரி கார்டுகளையும் விடாதீர்கள், ஃபார்மேட் செய்திருந்தாலும் மேலே புதிதாக எழுதாதவரை அதில் பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். கிடைத்தவற்றைத் தேதிவாரியாகப் போட்டுவிட்டு எழுதுங்கள். எந்த ஃபிலிம் என்பதை அப்போது பேசுவோம்.