பதில்: ஃபைனல் இயர் சிஎஸ்இ, இன்டர்வியூல கிட் (கோடுல பண்ற மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கற டூல்) தெரியலன்னு ரிஜெக்ட், 60 ஆயிரம் கட்டி கோர்ஸ் சேரலாமா?

சேராதீங்க ப்ரோ, இப்போதைக்கு வேணாம். லேப்ல சி புரோகிராம் எழுத இன்னும் டர்போ சி சாஃப்ட்வேர் தான்னு புலம்பியிருக்கீங்க, அந்த நீல ஸ்கிரீன் ரொம்பப் பழைய சாமான், உண்மைதான், ஆனா பாயின்டரும் லிங்க்டு லிஸ்டும் வீண் இல்ல, அதே புரோகிராமை ஜிசிசில (இப்போ புழக்கத்துல இருக்கற ஃப்ரீ சி கம்பைலர்) ஓட்டிப் பழகுங்க.

உங்க கையில இருக்கற பெரிய சான்ஸ் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பாதி கிளாஸ் ப்ராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கும் (ஸ்டாஃபுக்கும் தெரியும், கண்டுக்க மாட்டாங்க), நீங்க வாங்காதீங்க. உங்க தெரு மெடிக்கல் ஷாப்ல போய் ஸ்டாக் எப்படி பாக்கறாங்கன்னு கேளுங்க, அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதறதையே ப்ராஜெக்டா எடுங்க. ஒரே மாத்திரை ரெண்டு பேட்ச்ல வரும், எக்ஸ்பைரி வேற வேற, அப்போ டேட்டாபேஸ்ல மருந்துக்கு ஒரு டேபிள் பேட்ச்சுக்கு ஒரு டேபிள்னு பிரிக்கணும், ரெண்டு டேபிளையும் சேத்துப் பாக்கற ஜாயின் ஏன் வேணும்னு அங்கதான் புரியும். ஸ்ட்ரிப்ல 10 இருக்கும், வர்றவர் 4 தான் கேப்பாரு, ஸ்டாக்கை ஸ்ட்ரிப்லயா மாத்திரைலயா எண்ணுவீங்க? இதெல்லாம் சிலபஸ்ல வராது, வேலைல தினமும் இதான்.

முதல் நாள்லேருந்தே கிட்ல போடுங்க, 'ஃபைனல்', 'ஃபைனல்2'ன்னு ஃபோல்டர் வேணாம். ஒவ்வொரு மாத்தத்தையும் கிட்ல பதியும்போது கூட எழுதற குறிப்புல (கமிட் மெசேஜ்) ஏன் மாத்தினீங்கன்னு எழுதுங்க, இன்டர்வியூல அதையே திறந்து காட்டலாம்.

தமிழ்நாட்டு காலேஜ்னா 2022ல அரசு ஆரம்பிச்ச நான் முதல்வன் திறன் பயிற்சி திட்டத்துல உங்களுக்கு என்ன கோர்ஸ் இருக்குன்னு பாருங்க. ஐஐடிக்காரங்க நடத்தற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்ல வீடியோ ஃப்ரீ, சர்டிபிகேட் எக்ஸாமுக்கு மட்டும்தான் ஃபீஸ்.

டேபிள் டிசைன் போட்டதும் இங்கயே ஒட்டுங்க, பாத்து சொல்றேன்.