குட்டிக்குக் கால் வளைகிறது: ஊசி போடுவதா, சாப்பாட்டை மாற்றுவதா?

கேள்வி: ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கிறேன். காட்டுப்பன்றித் தொந்தரவு அதிகம் என்பதால் ராஜபாளையம் நாய்தான் காவல். இந்த ஈற்றில் பிறந்த குட்டிகளில் இரண்டை வைத்துக்கொண்டோம். நான்கு மாதம் ஆகிறது, ஒவ்வொன்றும் 9 கிலோ இருக்கும். ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பால், 300 கிராம் சோறு, கோழிக்கடையில் வாங்கும் ஈரல் 200 கிராம் வேகவைத்துப் போடுகிறோம். ஆசையாகத் தின்கின்றன. ஆனால் மூன்று வாரமாக இரண்டுக்கும் முன்னங்கால் வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு குட்டி நடக்கவே யோசிக்கிறது, தூக்கினால் கத்துகிறது. கால்சியம் ஊசி போடச் சொல்கிறார்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த கால்சியம் டானிக் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? இன்னொன்று, சென்னையிலிருந்து மகன் கொண்டுவந்து விட்ட லாப்ரடார். எட்டு வயது, 41 கிலோ. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. மருந்தகத்தில் காட்டினால் "சாப்பாட்டைக் குறைங்க" என்கிறார்கள். எப்படிக் குறைப்பது?

பதில்: ஐயா, குட்டி என்ன தின்கிறது என்பதை டம்ளர், கிராம் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் திட்டமாக ஒரு பதில் சொல்ல முடிகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வளரும் குட்டிக்கு 1,000 கிலோகலோரி உணவுக்குச் சுமார் 3 கிராம் கால்சியம் வேண்டும். நீங்கள் போடுகிற சோறு, ஈரல், பால் மூன்றும் சேர்ந்து 760 கிலோகலோரி அளவுக்கு வரும். வயிறு நிறைய அது போதும். அந்தக் கணக்கில் கால்சியம் 2.3 கிராம் போக வேண்டும். போவது எவ்வளவு? பாலில் 240 மில்லிகிராம். சோற்றில் 30. ஈரலில் 20கூடத் தேறாது. மொத்தம் 300 மில்லிகிராமுக்குள். தேவையில் எட்டில் ஒரு பங்குதான்.

பாஸ்பரஸ் கதை நேர்மாறு. ஈரலிலிருந்து மட்டுமே 600 மில்லிகிராம் வருகிறது, எல்லாம் சேர்த்தால் 900. குட்டியின் உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்குக் குறைந்தது ஒரு பங்கு கால்சியமாவது இருக்க வேண்டும், இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. உங்கள் குட்டிகளுக்கு மூன்று பங்கு பாஸ்பரஸுக்கு ஒரு பங்கு கால்சியம் போகிறது. இப்படித் தலைகீழானால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அதை விடாது, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொண்டுவரும். வெளியே குட்டி கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். பாரம் தாங்குகிற முன்னங்கால்தான் முதலில் வளையும். முற்றினால் லேசாகக் குதித்தாலே எலும்பு மடிந்து முறியும், இடுப்பெலும்பு குறுகி மலம் கழிக்கவே திணறும்.

ஊசி வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியான அளவில்தான் இருக்கும், குறைவு எலும்பில். ஊசியில் ஏற்றுவது சில மணி நேரத்தில் கழிந்துபோகும், வேகமாக ஏற்றினால் இதயத்துடிப்பு தடுமாறும். வைட்டமின் டி ஊசி அதைவிட ஆபத்து. அது உடம்பில் தங்கும், அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். சோதனை செய்து மருத்துவர் தேவை என்று சொன்னால் ஒழிய இரண்டையும் கேட்டு வாங்காதீர்கள். "வெயில்ல கட்டுங்க, சரியாயிடும்" என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். மனிதனுக்கு அது பொருந்தும். நாயின் தோல் தேவையான அளவு வைட்டமின் டி-யைத் தயாரிக்காது, அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

மாட்டு டானிக்கும் வேண்டாம். பால் கறக்கிற மாட்டின் தேவைக்குச் செய்தது அது. 9 கிலோ குட்டிக்கு எத்தனை மில்லி என்று பாட்டிலில் எங்கும் போட்டிருக்காது, கண்ணளவில் ஊற்றுவதுதான் நடக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, கூடுதலாகப் போன கால்சியத்தைக் குடலிலேயே தடுக்கிற சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் மூட்டுக் குருத்தெலும்பு கெட்டு நொண்டும். குறைந்தாலும் நொண்டல், கூடினாலும் நொண்டல் என்பதால்தான் குத்துமதிப்பாக எதையும் ஊற்றாதீர்கள் என்கிறேன்.

பாலைக் கூட்டலாமே என்றால், அந்த 2.3 கிராமுக்கு இரண்டு லிட்டர் பால் வேண்டும். வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். கேழ்வரகில் கால்சியம் நிறைய, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்கிற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூழை மட்டும் நம்ப முடியாது. முட்டை ஓட்டுப் பொடி நல்ல பொருள். ஒரு தேக்கரண்டியில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் வரும். ஆனால் அதில் பாஸ்பரஸ் இல்லை. வளர்ந்த நாய்க்கு அது சமாளிக்கும், குட்டிக்கு இரண்டும் அளவோடு வேண்டும்.

அந்தக் காலத்து நாய்க்கு எந்த டானிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அன்றைக்கு வேட்டைக்குப் போன நாய் முயலை எலும்போடு மென்றது, ஆட்டுத்தலையும் நெஞ்செலும்பும் அதன் பங்குக்கு வந்தன. இன்று வேட்டை சட்டப்படி குற்றம். கோழிக்கடையிலிருந்து வருவது எலும்பில்லாத ஈரலும் குடலும். "அப்போதும் கறி, இப்போதும் கறி" என்று நாம் நினைக்கிறோம், நடுவில் எலும்பு விடுபட்டுப்போனது. அதற்காக வேகவைத்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள். அது சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தினமும் 200 கிராம் ஈரல் என்பதும் அதிகம், வைட்டமின் ஏ ஏறிக்கொண்டே போகும். மொத்தச் சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஈரல் வேண்டாம்.

சரி, என்ன போடுவது? வளர்ச்சி முடியும்வரை, அதாவது ஒரு வயது வரை, பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் தீவனம்தான் என் சிபாரிசு. பொதுவாக நான் பாக்கெட் பக்கம் சாய்கிறவன் இல்லை. வீட்டுச் சாப்பாட்டிலேயே நாயை நன்றாக வளர்க்கலாம். ஆனால் எலும்பு கரைந்து நிற்கிற குட்டியிடம் சோதனை செய்து பார்க்க நேரம் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வரி இருக்க வேண்டும், கூடவே 'க்ரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருக்க வேண்டும். 'ட்ரீட்', 'சப்ளிமென்ட்' என்று போட்டிருந்தால் அது முழு உணவு இல்லை. 9 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 200 கிராமை ஒட்டி வரும். பாக்கெட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து, தராசில் நிறுத்து, மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். பழைய சாப்பாட்டோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இதைப் போடும்போது கால்சியம் மாத்திரை, பொடி எதுவும் கூடவே கூடாது.

செலவு கட்டுப்படியாகாது என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாதி பாக்கெட், பாதி வீட்டுச் சாப்பாடு என்று போட்டு, வீட்டுப் பாதிக்கு மட்டும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த பொடியை எடைக்கு ஏற்ப அளந்து எழுதித் தரச் சொல்லலாம்.

கத்துகிற குட்டியைத் தோப்பில் ஓட விடாதீர்கள். சின்ன இடத்தில், சாக்கு விரித்த தரையில், சில வாரம் அடைத்து வையுங்கள். மொசைக் தரை வழுக்கும். முன்னங்காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், மார்புக்கும் இடுப்புக்கும் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது அறவே கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை. உங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனம் மாறிய சில வாரத்தில் வலி குறையும், எலும்பும் தேறும். ஆனால் ஏற்கெனவே அதிகமாக வளைந்த கால் முழுக்க நேராகும் என்று உறுதி தர முடியாது. காய்ச்சல், கண்ணில் பீளை, கை கால் வெட்டி இழுப்பது, தீவனம் எடுக்காமை இவற்றில் எது இருந்தாலும் இது வெறும் சத்துக்குறைவு இல்லை, அன்றே காட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எனக்கு எழுதிய அதே கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாக்கெட்டையும் தட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

மருந்தகங்களில் வேலை பார்க்கிற கால்நடை ஆய்வாளர்கள், பராமரிப்பு உதவியாளர்கள், இளம் மருத்துவர்கள் பலர் இந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "சாப்பாடெல்லாம் நல்லா எடுக்குதா?" என்று கேட்டால் "நல்லா எடுக்குது சார்" என்பதுதான் பதிலாக வரும். இந்தக் குட்டியும் நன்றாகத்தான் தின்றது. "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இது வாயில என்னென்ன போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பால், ஈரல், பேரன் போட்ட பிஸ்கட், பக்கத்து வீட்டு மீன்தலை எல்லாம் வெளியே வரும். உடல் வெப்பம், நாடி, மூச்சு, வலி இந்த நான்கையும் பார்க்கிற மாதிரி, ஐந்தாவதாக உணவையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள் என்று வசாவா என்கிற உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கம் 2011-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கூட்டம் நிற்கும்போது மருத்துவருக்கு நேரம் இருக்காதுதான். எடை போடுகிற உதவியாளரே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுச் சீட்டில் எழுதி அனுப்பினால், உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். "குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் எதை, எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுங்கள். "இப்படியா குண்டாக்கி வைப்பீங்க" என்று கேட்டால் அடுத்த முறை அவர்கள் வரவே மாட்டார்கள்.

இனி லாப்ரடார். உங்கள் இடது கையை நீட்டி, வலது விரலால் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும். சரியான எடையில் உள்ள நாயின் விலா அப்படித்தான் இருக்கும். விரல்களை மடக்கி விரல் முட்டியைத் தடவினால் வருகிற மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதை மாதிரி, அழுத்தினால்தான் எலும்பு தெரியும் என்றால் கொழுப்பு கூடுதல். (ராஜபாளையம் நாய்க்குக் கடைசி விலா ஒன்றிரண்டு லேசாகத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்து நெய்ச்சோறு போட்டுவிடாதீர்கள்.)

உங்கள் லாப்ரடாருக்கு 32 கிலோ பொருத்தமான எடை என்று வைத்துக்கொள்வோம். 32-ஐ 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் 1,030. எடை குறைகிறவரை நாளுக்கு அந்தக் கிலோகலோரியில் நிறுத்துங்கள். ஒரு இட்லி சுமார் 50, சின்ன பிஸ்கட் ஒன்று 20 என்று போட்டுப் பாருங்கள், எங்கே ஏறுகிறது என்று தெரிந்துவிடும். நொறுக்குத் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கட்டும். வீட்டில் பெரியவர்கள் ஆசைக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் நடக்காது, பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டோ கேரட்டோ அவர்கள் கையில் கொடுங்கள். வாரத்துக்கு 400 முதல் 800 கிராம் குறைந்தால் போதும், பட்டினி போடக்கூடாது. வேகம் காட்டும் முன் தைராய்டு, இதயம் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மூச்சு வாங்குவது எடையால் மட்டும்தான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வைத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள், ஒப்பிட ஜோடியாக வைத்த நாய்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

பாயசம், சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற திராட்சை, பிரியாணி வெங்காயம், சாக்லேட் இவை எந்த நாய்க்கும் ஆகாது.

குட்டிகளை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். நீங்கள் குட்டியோடு தராசில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்தால் போதும். காலை நேராகப் பார்த்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே முடிவோடு நான்கு வார எடையையும் எழுதி அனுப்பினால் தீவன அளவைத் திருத்திச் சொல்கிறேன். அதற்குள் மலம் கழிக்க முக்கினாலோ பின்னங்கால் இழுத்தாலோ எனக்கு எழுதிக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேரே தூக்கிக்கொண்டு போங்கள்.