லேபிளைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்: பழைய சர்வருக்கு ரேமும் டிரைவும்

வீட்டுக் கோப்புகளைச் சேர்த்துவைக்கப் பழைய சர்வர் வாங்கியவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள். பாதிக் கடிதங்களில் மாடல் எண்ணே இல்லை. பதில் சொல்லக்கூடியவை மட்டும் கீழே.

கேள்வி: எச்பி மைக்ரோசர்வர் ஜென்8 வாங்கினேன். ரிச்சி தெருவில் 'சர்வர் ரேம்' என்று கேட்டு 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கிப் போட்டேன். ஸ்லாட்டில் சரியாக உட்காருகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. போர்டு போய்விட்டதா சார்? (திருவள்ளூர் வாசகர்)

பதில்: போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உங்கள் கையில் இருப்பது ரெஜிஸ்டர்டு ரேம், அதாவது கட்டளைகளை ஒரு இடைச் சிப் வழியாக வாங்கும் வகை. ஜென்8 கேட்பது அந்தச் சிப் இல்லாத அன்பஃபர்டு வகையில், பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம். டிடிஆர்3-இல் இரண்டுக்கும் அடியிலுள்ள வெட்டு ஒரே இடத்தில்தான் வரும். அதனால் உட்காரும், ஓடாது.

லேபிளில் பிசி3-12800 என்ற எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு. இ என்றால் அன்பஃபர்டு இசிசி. யு என்றால் சாதா டெஸ்க்டாப் ரேம். பிசி3-ஐ ஒட்டி எல் என்று வந்தால் அது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது என்று மட்டுமே பொருள். வகையைச் சொல்வது கடைசி எழுத்துதான். லேபிள் கிழிந்திருந்தால் சிப்புகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் எட்டு இருந்தால் சாதா, ஒன்பது இருந்தால் இசிசி. ஸ்டிக்கின் நடுவில் மற்றவற்றைப் போல் இல்லாத தனிச் சிப் ஒன்று பெரிதாக உட்கார்ந்திருந்தால் அதுதான் ரெஜிஸ்டர். அந்த ஸ்டிக்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டேட்டா சென்டர்கள் கழித்துத் தள்ளும் ரேமில் பெரும்பங்கு இந்த வகை. அதனால்தான் இவ்வளவு மலிவு.

ஜென்8-க்கு உச்சவரம்பு 16 ஜிபி, அதாவது 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைத் தேடி அலையாதீர்கள். சரியான ரேம் கிடைத்ததும் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரல் ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்கள். 4 டிபி டிரைவ் நான்கு போடுகிறேன். பல டிரைவ்களை ஒன்றாக நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை ஓட 16 ஜிபி இல்லாமல் முடியாதா?

பதில்: 8 ஜிபியில் தாராளமாக ஓடும். அந்தக் கணக்கு பெரிய அலுவலகங்களுக்குச் சொன்னது. வீட்டில் இரண்டு பேர் படம் பார்ப்பதற்கு அல்ல. மிச்ச ரேம், அடிக்கடி கேட்கும் தரவை வைத்துக்கொள்ளும் கேஷாகப் பயன்படும், அவ்வளவுதான். ஒரே தரவின் நகல்களை நீக்கும் டீடூப்ளிகேஷனை மட்டும் தொடாதீர்கள். அது டிபிக்கு 5 ஜிபி போலத் தனியாக விழுங்கும். ரேம் குறைவாக இருக்கும்போது எஸ்எஸ்டி கேஷ் சேர்ப்பதும் வீண். அந்தக் கேஷின் அட்டவணையே ரேமில்தான் உட்காரும்.

கேள்வி: டெல் டி20 இருக்கிறது. பென்டியம் ஜி3220-ஐ எடுத்துவிட்டு வேகமான ஐ5 போடலாமா? இசிசி ரேம் ஏற்கெனவே இருக்கிறது. (ஈரோடு வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்தத் தலைமுறையில் பென்டியம், ஐ3, ஜியான் இ3 ஆகியவற்றுக்கு இசிசி உண்டு. ஐ5, ஐ7 இரண்டுக்கும் கிடையாது. விலை ஏற ஏற வசதியும் ஏறும் என்று நினைத்துப் பலர் இதில் ஏமாறுகிறார்கள். ஜியான் இ3-1220 வி3 தேடுங்கள். கோப்பு பரிமாற்றம் மட்டும்தான் வேலை என்றால் இருக்கும் பென்டியமே போதும்.

கேள்வி: நல்ல டிரைவ் எது?

பதில்: எந்த சர்வர், எத்தனை பே (டிரைவ் செருகும் இடம்), எத்தனை டிபி, என்ன வேலை? ஒன்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. சர்வர் மாடல் எண்ணையும் இப்போதிருக்கும் டிரைவின் லேபிள் படத்தையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டபிள்யூடி ரெட் 4 டிபி டிரைவ் நான்கில் ரெய்டு-இசட் (ஒரு டிரைவ் போனாலும் தரவு தப்பும் ஏற்பாடு) ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று போய்விட்டது. அதே ரெட் 4 டிபி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். ஐந்து நாளாக ரீசில்வர் (புது டிரைவில் தரவை மறுபடி நிரப்புவது) ஆகிறது, நடுவில் இரண்டு முறை அந்த டிரைவ் பிழை காட்டிக் கழன்றுகொண்டது. டிரைவைச் சோதித்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. (கோவை வாசகர்)

பதில்: 'அதே ரெட்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே அல்ல. லேபிளிலுள்ள மாடல் எண்ணில் 40-க்குப் பிறகு வரும் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். பழைய மூன்றும் இஎஃப்ஆர்எக்ஸ் ஆக இருக்கும். புதிதாக வந்தது இஎஃப்ஏஎக்ஸ் ஆக இருக்கும். முன்னது சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியாக எழுதும் முறை), பின்னது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை). பெட்டியும் ஸ்டிக்கரும் ஒரே சிவப்பு, உள்ளே எழுதும் முறை வேறு.

டிரைவின் எழுதும் தலை, படிக்கும் தலையைவிட அகலம். அதனால் எஸ்எம்ஆரில் தடங்களை ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின் விளிம்பில் அடுத்ததை ஏற்றி எழுதுகிறார்கள். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் அத்தனை ஓடுகளையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். டிரைவ் இந்த வேலையை மறைக்க, வரும் தரவை முதலில் ஒரு சாதாப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது மெதுவாக அடுக்கும். புகைப்படம் நகலெடுப்பதுபோல விட்டுவிட்டு எழுதினால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ரீசில்வர் அப்படியல்ல, அது மூச்சு விடாமல் எழுதும். அந்த இடைப்பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும், சில சமயம் டிரைவ் பல வினாடிகள் பதிலே சொல்லாது. பதில் வராத டிரைவைச் செத்ததாக எடுத்துக்கொண்டு இசட்எஃப்எஸ் கழற்றிவிடும். 4 டிபி சிஎம்ஆர் அரை நாளில் முடிக்கும் வேலை, இதில் வாரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அத்தனை நாளும் உங்கள் தரவுக்குப் பாதுகாப்பு ஏதும் கிடையாது. இன்னொரு டிரைவ் போனால் முழுவதும் போயிற்று.

நேஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) டிரைவ் என்று அச்சடித்துவிட்டு, எந்த முறையில் எழுதுகிறது என்பதை லேபிளிலும் விவரத் தாளிலும் போடாமல் விற்றார்கள். 2020 ஏப்ரலில் பயனர்கள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் 2 முதல் 6 டிபி வரையிலான ரெட் வரிசையில் எஸ்எம்ஆர் இருப்பதை டபிள்யூடி நிறுவனம் ஒப்புக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் தங்கள் டெஸ்க்டாப் டிரைவ்களில் இதே வேலையைச் செய்திருந்தது அப்போதே தெரியவந்தது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு விவரம் இது, அதை மறைத்தார்கள். அந்த டிரைவ்கள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் சுற்றுகின்றன. விற்கிற கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது.

ஆகவே எண்களை மனப்பாடம் செய்யுங்கள். ரெட் வரிசையில் இஎஃப்ஏஎக்ஸ் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர். 8 டிபி இஎஃப்ஏஎக்ஸ் சிஎம்ஆர். 4 டிபியில் கேஷ் 64 எம்பி என்றால் பழைய நல்லது, 256 எம்பி என்றால் நின்று விசாரியுங்கள். ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 எல்லாம் சிஎம்ஆர். சீகேட் பாரகுடாவில் எஸ்டி4000டிஎம்004, எஸ்டி8000டிஎம்004 இரண்டும் எஸ்எம்ஆர். கையடக்க 2.5 அங்குல டிரைவ்களில் பெரிய கொள்ளளவு எல்லாம் எஸ்எம்ஆர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஒரு சுழலும் டிரைவ் ட்ரிம் (அழித்த இடங்களை டிரைவுக்குத் தெரிவிக்கும் கட்டளை) ஆதரவு இருப்பதாகக் காட்டினால் அது எஸ்எம்ஆர். காட்டவில்லை என்பதால் சிஎம்ஆர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். பிறகு ரீசில்வரை நிறுத்தி, சிஎம்ஆர் டிரைவ் ஒன்றைப் போடுங்கள். அந்த இஎஃப்ஏஎக்ஸை வீசவேண்டாம். தனியாக யுஎஸ்பி பெட்டியில் போட்டால் நல்ல பேக்கப் டிரைவ்.

கேள்வி: ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: கைதவறி அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிரைவிலும் ஒழுங்காக அழிக்கும். ரெய்டு பேக்கப் ஆகாது.

கேள்வி: 8 டிபி டேட்டா சென்டர் டிரைவ், 'ஓடிய நேரம் 0 மணி' என்று ஸ்மார்ட் அறிக்கை (டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்துவைப்பது) காட்டுகிறது. விலையோ புதியதில் பாதி. நம்பலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பாதி விலைக்குப் புது டிரைவ் யாரும் தரமாட்டார்கள். ஸ்மார்ட் எண்களை அழித்துப் பூஜ்யமாக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியது என்று விற்ற சீகேட் டிரைவ்கள் பல, உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளிவந்தது. காட்டிக்கொடுத்தது டிரைவுக்குள் இருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் சீகேட் டிரைவின் ஃபார்ம் பதிவைப் படிக்கலாம். அங்குள்ள மணிக் கணக்கும் ஸ்மார்ட்டின் கணக்கும் பொருந்த வேண்டும்.

30,000 மணி ஓடியது என்று நேர்மையாகச் சொல்லி விற்கும் டிரைவை வாங்கலாம். ஸ்மார்ட் அறிக்கையில் பார்க்க வேண்டியவை, கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறினால், தலை படிக்கத் திணறும் இடங்கள் இருக்கின்றன என்று பொருள். வாங்கிய அன்றே நீண்ட ஸ்மார்ட் சோதனை, பிறகு பேட்பிளாக்ஸ் என்ற நிரலால் எழுதும் சோதனை. பிளாக் அளவு 4096 என்று கொடுக்க மறக்காதீர்கள். நான்கு முறை எழுதி நான்கு முறை படிப்பதால் 4 டிபிக்கு இரண்டரை நாள், 8 டிபிக்கு ஐந்தாறு நாள் ஆகும். டிரைவில் இருப்பது அத்தனையும் அழியும், ஆகவே காலி டிரைவில் மட்டும். கடைக்காரரிடம் பத்து நாள் திருப்பி எடுக்கும் உறுதியை முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாஸ் (பெரிய சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிரைவ் மலிவாகக் கிடைக்கிறது. சாதா சாட்டா போர்ட்டில் போடலாமா?

பதில்: முடியாது. சாஸ் கார்டில் சாட்டா டிரைவ் ஓடும், மறுபக்கம் ஓடாது. கார்டு இருந்தாலும் ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய சாஸ் டிரைவ் சில 520 பைட் செக்டரில் இருக்கும். எஸ்ஜி_ஃபார்மட் என்ற நிரல் கொண்டு 512-க்கு மாற்ற வேண்டும். பல மணி நேர வேலை, நடுவில் கரண்ட் போகக் கூடாது.

கேள்வி: பழைய டெல் பெர்க் 6/ஐ ரெய்டு கார்டில் 4 டிபி டிரைவ் 2 டிபி என்றே காட்டுகிறது.

பதில்: அந்தக் கார்டுக்கு அவ்வளவுதான் கண் தெரியும். எச்200 அல்லது எச்310 கார்டு வாங்கி, ரெய்டு இல்லாமல் டிரைவை அப்படியே காட்டும் ஐடி மோடுக்கு மாற்றுங்கள். இசட்எஃப்எஸ்ஸுக்கு டிரைவ் நேரடியாகத் தெரிய வேண்டும்; நடுவில் ரெய்டு கார்டு நிற்கக் கூடாது.

கேள்வி: வெளிப்பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த 8 டிபி டிரைவ் சுழலவே மாட்டேன் என்கிறது. பெட்டியில் போட்டால் ஓடுகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் நின்றுவிடும்படி செய்த டிரைவ் அது. பழைய பவர் சப்ளைகள் அங்கே 3.3 வோல்ட்டை எப்போதும் தருகின்றன. டிரைவின் முதல் மூன்று பின்களை மெல்லிய காப்டன் (Kapton) எனும் சூடு தாங்கும் டேப்பால் மூடுங்கள். செலோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகும். மோலெக்ஸ்-சாட்டா மாற்றி போட்டாலும் சரியாகும். ஆனால் ஒயரோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் வகையை வாங்காதீர்கள். உள்ளே ஒயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும். ஒயர்கள் தனித்தனியாகச் செருகியிருப்பது வெளியே தெரியும் வகைதான் வேண்டும்.

கேள்வி: ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண் 340 என்று காட்டுகிறது. 5, 197, 198 பூஜ்யம். ஜென்8, மூன்றாவது பே. டிரைவை மாற்ற வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மாடல், பே, எண் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. டிரைவ் நன்றாக இருக்கிறது. 199 என்பது கேபிளிலோ இணைப்பிலோ வழியில் கெட்ட தகவலின் எண்ணிக்கை. டிரைவைக் கழற்றித் தங்க முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தமாகச் செருகுங்கள். இந்த எண் ஒருபோதும் இறங்காது. 340 என்று குறித்துவைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அங்கேயே நின்றால் முடிந்தது. ஏறினால் டிரைவை நான்காவது பேயில் போட்டுப் பாருங்கள். அங்கே ஏறாமல் நின்றால் கோளாறு மூன்றாவது பேயின் இணைப்பில். அங்கேயும் ஏறினால் முதலில் போர்டுக்குப் போகும் கேபிளை மாற்றுங்கள்.