கேட்டால் சொல்வேன்: எட்டு மேசையும் ஒரு தலையும்

சென்ற மாதம் நிகழ்தகவு பற்றிய ஒரு பதிலில், நானும் ஒரு காலத்தில் இணையத்தில் போக்கர் ஆடியவன்தான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். பட்டர்வொர்த்தில் கணக்கு டியூஷன் நடத்துகிறவன் கையை அடக்கியிருக்க வேண்டும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடுவதைப் பற்றித்தான். இந்த மாதம் பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

அண்ணா, இரண்டு மேசைகளில் ஆடிக் கொஞ்சம் மிச்சம் பார்க்கிறேன். எட்டு மேசை திறந்தால் நான்கு மடங்கு கிடைக்கும் என்கிறான் நண்பன். உண்மையா?
— வாசகர், பிறை

தம்பி, உங்கள் நண்பருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எதைப் பெருக்குவது என்பதில்தான் கோட்டை விட்டுவிட்டார்.

நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 சுற்றைத் தாண்டுவது கடினம். சீட்டைக் கலைக்க வேண்டும், போட வேண்டும், ஒருவர் யோசித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கடலை கொறிக்க வேண்டும். இணையத்தில் ஒரே மேசையில் 75 சுற்று ஓடிவிடும். ஆக, உங்கள் இரண்டு மேசையில் மணிக்கு 150 சுற்று, எட்டில் 600.

வருமானத்தை நூறு சுற்றுக்கு எத்தனை பெரிய பிளைண்ட் என்று அளப்பது வழக்கம். பெரிய பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயப் பணம். உங்கள் மேசையில் பெரிய பிளைண்ட் 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். நூறு சுற்றுக்கு 4 பிளைண்ட் வெல்கிறீர்கள் என்றால் 2 டாலர். மணிக்கு 3 டாலர். எட்டு மேசையில் உங்கள் கவனம் சிதறி, அந்த 4 வெறும் 1 ஆகிறது. நூறு சுற்றுக்கு அரை டாலர், 600 சுற்றுக்கு அதே 3 டாலர்! நான்கு மடங்கு உழைத்து அதே கூலி. அந்த 1 இன்னும் சறுக்கிப் பூஜ்யத்துக்குக் கீழே போனால், நான்கு மடங்கு வேகத்தில் பணம் கரையும்.

ஏன் சறுக்குகிறது? இரண்டு மேசையில் ஆடும்போது, எதிரே இருப்பவர் சற்று முன் பெரிதாகத் தோற்றார், இப்போது கோபத்தில் பந்தயத்தை ஏற்றுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு மேசையில் உங்கள் கைக்கு வந்த இரண்டு சீட்டு மட்டுமே தெரியும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இரண்டு மேசை வேண்டுமென்றால் பலவீனமான ஆட்டக்காரர்கள் இருக்கும் மேசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எட்டு வேண்டுமென்றால் காலி நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் உங்களைப் போலவே எட்டு மேசைக்காரர்கள்.

நடத்துகிறவர்கள் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். சிறிய மேசைகளில் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். சுற்று கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். உங்கள் நண்பரின் நான்கு மடங்கு கணக்கு பிசகாமல் பலிப்பது அவர்களுக்கு மட்டும்தான்.

ஆடியே தீருவேன் என்றால் மூன்றாவது மேசை ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் வென்றதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்தாயிரம் சுற்று ஆடிய பிறகும் அதிர்ஷ்டம் எது, திறமை எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஐயா, என் மகனுக்கு 24 வயது. இரவெல்லாம் கணினியில் பன்னிரண்டு சின்னச் சின்னப் பச்சை மேசைகளைத் திறந்துவைத்திருக்கிறான். இது வேலை என்கிறான். பன்னிரண்டு ஆட்டத்தை ஒரு மனிதன் எப்படி ஆட முடியும்? என்னை ஏமாற்றுகிறானா?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

ஆட முடியும் அம்மா. அதில் பொய் இல்லை.

முன்பு பாயான் லெபாஸ் ஆலையில் இரவு ஷிப்டில் நான் ஆறு இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பச்சை எரிந்துகொண்டிருக்கும்வரை அதன் பக்கம் திரும்ப மாட்டேன். சிவப்பு எரிந்தால் ஓடுவேன். போக்கரிலும் அப்படித்தான். ஒன்பது பேர் உட்காரும் மேசையில், நிதானமான ஆட்டக்காரர் தமக்கு வரும் சீட்டில் ஐந்தில் நான்கு பங்கைப் பார்த்த மாத்திரத்தில் ஆடாமல் கைவிட்டுவிடுவார். உண்மையில் யோசிக்க வேண்டிய சுற்று கொஞ்சம்தான். முறை வந்தால் மேசை 'டிங்' என்று கூப்பிடும். ஒரே ஒரு வித்தியாசம் அம்மா, இயந்திரத்துக்கு என் காசின் மேல் கண் இல்லை.

ராண்டி லூ என்றொரு அமெரிக்கர் 2012 ஜனவரியில் பஹாமாஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து 23,493 சுற்று ஆடிக் கின்னஸ் சாதனை செய்தார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 49. லாபத்தோடு எழுந்தார் என்பதுதான் அதில் பெருமை. அந்த லாபம் 7 டாலர் 65 சென்ட். சிறிய பணத்துக்கு ஆடிய காட்சி ஆட்டம் அது என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த எண்ணை உங்கள் மகனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

வேலை என்று சொல்கிறவரிடம் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஜெயித்த நாளைத்தான் சொல்வார்கள். தேதி, எத்தனை மணி நேரம், உள்ளே போட்ட பணம், வெளியே எடுத்த பணம் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் உட்கார்ந்து பேசலாம். நோட்டே இல்லை, நகை காணவில்லை, கந்துவட்டிக்கார ஆலோங்கிடமிருந்து தொலைபேசி வருகிறது என்றால், அப்போது கேள்வி எத்தனை மேசை என்பதல்ல. தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வென்ற பணத்தை ஓர் இணையத்தளம் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

நான் வக்கீல் இல்லை. ஆனால் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால், பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் வென்றதைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று இருக்கிறது. நாட்டில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் மட்டும்தான். சூதாட்ட இல்லங்கள் மீதான 1953ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போய் "என் போக்கர் பணம்" என்று தொடங்கும்முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

எதிராளியின் பழக்கத்தை எண்ணாகக் காட்டும் மென்பொருள் இருந்தால் பல மேசை சுலபம்தானே?
— வாசகர், சுங்கை பட்டாணி

சில தளங்கள் அதை அனுமதிப்பதில்லை. முதலில் விதியைப் படியுங்கள். இருபது சுற்று மட்டும் பார்த்த ஆளைப் பற்றி அது காட்டும் சதவீதம், ஒரு நாள் மழையை வைத்து ஆண்டு மழையைச் சொல்வது போன்றது.

நீங்கள் எத்தனை மேசை ஆடினீர்கள்? ஏன் விட்டீர்கள்?
— பலர்

ஆறு. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன். என் மடிக்கணினித் திரை சின்னது. மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைக்க இடம் போதாது. அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பேன். எந்த மேசையில் என் முறையோ அது தானாக மேலே எழும்பும்.

கைக்கு வரும் இரண்டு சீட்டில் ஆகச் சிறந்தது ஏஸ் ஜோடி. அது 221 சுற்றுக்கு ஒருமுறை வரும். நேரில் ஆடினால் ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை. வந்தால் தொண்டை வறண்டுவிடும். ஆறு மேசையில் அது மணிக்கு இரண்டு தடவை வந்தது. விருந்தாளியாக இருந்தவர் பேப்பர் போடும் பையனாகிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை இரவு. ஒரு மேசையில் ஏழும் இரண்டும்; அதைவிட மோசமான சீட்டு கிடையாது. இந்தச் சுற்று வேண்டாம் என்று சீட்டைக் கைவிடும் 'ஃபோல்டு' பொத்தானை அழுத்தக் கையைக் கொண்டுபோன அரை நொடியில் வேறொரு மேசை மேலே எழும்பியது. அதில் என் இரண்டு ஏஸ். விரல் நிற்கவில்லை. சீட்டு போய்விட்டது. மற்ற இருவரும் ஆளுக்கு ஐம்பது டாலர் முழுவதையும் தள்ளினார்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 300 வெள்ளி நடுவில் கிடந்தது. ஒருவரிடம் ராஜா ஜோடி, மற்றவரிடம் ராணி ஜோடி. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் போடும் ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தபோது ராஜா ஜோடி வென்றது. மேசையில் விழுந்த எதுவும் என் ஏஸை வென்றிருக்காது. அதற்குள் இன்னும் மூன்று மேசை 'டிங்' அடித்தது, வருத்தப்படக்கூட நேரமில்லை.

பக்கத்தில் அம்மா ரசப் பாத்திரத்தோடு நின்றிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் ஊற்றவா?" என்று கேட்டிருக்கிறார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் "ஃபோல்டு" என்றேனாம். மறுநாள் காலை அத்தையிடம் தொலைபேசியில், மகன் தன்னை ஆங்கிலத்தில் ஏதோ திட்டிவிட்டான் என்று அழுதார்.

அந்த வாரமே ஆறு மேசை இரண்டாயிற்று. ஆண்டு முடிவதற்குள் இரண்டும் போயிற்று. அம்மா இன்றும் ரசக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு "ஃபோல்டா?" என்றுதான் கேட்கிறார்.