ஓய்வு பெற ரெண்டு மூண்டு வருசம் இருக்கேக்க எழுத்து, தொழில்நுட்ப மாநாடுகளுக்குப் போனா புதுசா நட்பு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனா பென்சனுக்கு முதலே தொடங்குங்கோ.

நான் திருகோணமலையில ஒரு அரச கந்தோரில மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன், வயசு 58, கொஞ்சம் சிறுகதையும் எழுதுறனான். 2022 நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அரச ஊழியரின்ர ஓய்வு வயசை 65 ஆக்கிப்போட்டு அந்த வருசமே திரும்ப 60 எண்டு மாத்தி, 60 தாண்டின எல்லாரையும் டிசம்பர் 31ஓட வீட்ட அனுப்பினவை. எனக்கு வேலை பழக்கின அண்ணரும் அதில ஒருத்தர். பிறகு பின்னேரங்களில அவரை டச்சுக்குடா கடற்கரையில காணுவன், கந்தோர்க் கதை மட்டும்தான் கேட்பார், தன்ர கதிரையில இப்ப ஆர் இருக்கிறது, அந்த ஃபைல் முடிஞ்சுதா எண்டு. இளமையில கையெழுத்துப் பத்திரிகை நடத்தின மனுசன், நல்ல வாசகர், எண்டாலும் முப்பது வருசமா கந்தோரை விட்டா அவருக்கு வேற கூட்டமே இருக்கேல்ல. அதைப் பார்த்துத்தான் நான் வெளிக்கிட்டன்.

முதல் போன பெரிய கூட்டம் அதுக்குக் கனகாலம் முந்தி, 2011 ஜனவரியில கொழும்பில நடந்த சர்வதேச தமிழ் எழுத்தாளர் மாநாடு. வெளிநாட்டில இருந்தெல்லாம் வந்திருந்தவை, நல்ல பேச்சுகள். நான் கடைசி வரிசையில இருந்து குறிப்பு எழுதினன், இரவுக் கோச்சியில ஊருக்கு வந்தன், ஒருத்தரிட்டயும் ஒரு நம்பர் வாங்கேல்ல. கேட்கத்தான் போனன், கேட்டுட்டு வந்தன். பிழை ஒருத்தரிலும் இல்ல, எனக்கு அப்ப ஆரிட்டயும் சொல்லவோ கேட்கவோ ஒண்டும் கையில இருக்கேல்ல.

மற்றது மட்டக்களப்பில தமிழ்க் கணிமை, அதாவது கொம்பியூட்டரில தமிழைக் கையாளுறது பற்றின ஒரு சின்னப் பயிலரங்கு, இது ரெண்டு வருசத்துக்கு முதல், முப்பது பேர் இருக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல திறந்தாப் பிறகு மூதூர், வாகரையால பஸ்ஸிலயே போயிடலாம், முந்தி பாதைக்கு, அதுதான் அக்கரை சேர்க்கிற மிதவைப் படகுக்கு, காத்து நிண்ட ஆக்களுக்குத்தான் அது என்ன மாற்றம் எண்டு தெரியும். இந்த முறை ஒரு பென்டிரைவ் கொண்டு போனன். இருபது வருசமா நான் பாமினியில தட்டின கதைகள் எல்லாம் அதில. பழைய கொம்பியூட்டர் பழுதாகி, புதுசில திறந்தா ஒண்டும் வாசிக்கேலாது. பாமினி உண்மையில ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போட்டு வைச்ச எழுத்துரு, அது இல்லாட்டி 'அம்மா' எண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு நிக்கும்.

தேத்தண்ணி நேரத்தில ஒரு கெம்பஸ் பெடியனிட்டக் காட்டினன். "ஐயா, இதை யுனிகோடுக்கு மாத்தலாம், ஆனா கொம்பு பார்க்கோணும்" எண்டான். யுனிகோடு எண்டது எல்லாக் கொம்பியூட்டரும் வாசிக்கிற பொதுக் குறிமுறை. பாமினியில 'கொ' தட்டேக்க கொம்பை முதல் தட்டி, பிறகு க, பிறகு கால். யுனிகோடில க முதல், அதுக்குப் பிறகுதான் உயிர்க்குறி. சரியில்லாத மாற்றியில போட்டா கொம்பு தனியா நிக்கும், இல்லாட்டி கண்ணுக்குச் சரியா இருக்கும், தேடினா வராது. அவன் மத்தியானச் சோத்துப் பார்சலை ஒரு கையில வைச்சுக்கொண்டே என்ர ஒரு கதையை மாத்தித் தந்தான், பதினெட்டு வருசத்துக்கு முதல் செத்துப்போன என்ர அம்மாவைப் பற்றின கதை அது, நான் அதிலயே நிண்டு வாசிச்சு முடிச்சன். பக்கத்தில இருந்து பார்த்த ஒரு ரீச்சர் அக்கா "நீங்கள் திருகோணமலையோ, சரவணமுத்துப்பிள்ளையின்ர ஊரெல்லோ" எண்டா. தமிழில முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லுறதை 1895இல எழுதினவர் எங்கட ஊரில பிறந்தவர், நான் அதை வாசிச்சதில்ல எண்டு சொன்னன். அதில தொடங்கின கதை பஸ் எடுக்கிற நேரம்வரைக்கும் போச்சு.

எங்களை ஒண்டா வைச்சிருந்தது அந்த ஒரு நாள் இல்ல, அண்டைக்குப் பொறுப்பெடுத்த வேலை. நூலக நிறுவனம் 2005இல இருந்து எங்கட பழைய புத்தகம், சஞ்சிகைகளை இணையத்தில சேர்க்குது, அதுபோல விக்கிமூலம் எண்ட இணைய நூலகமும் இருக்கு, ஸ்கான் பண்ணின பக்கத்தைக் கொம்பியூட்டர் எழுத்தாக்கும்போது ரகரமும் அதைப்போலவே இருக்கிற காலும் ஒண்டோடொண்டு குழம்பும், அதை மனுசர்தான் பார்த்துத் திருத்தோணும். அந்த மாதிரி மெய்ப்புப் பார்க்கிற வேலைக்கு முப்பது வருசம் கந்தோரில கடிதம் திருத்தின கண் நல்லா உதவும். இப்ப போயா நாளில உவர்மலையில என்ர வீட்டு விறாந்தையில நாங்கள் நாலு பேர் இருந்து பக்கம் திருத்துறம், அந்த அண்ணரும் வாறவர், எங்கள் எல்லாரையும் விட வேகம் அவர்தான். பெடியன் வட்ஸ்அப்பில சந்தேகம் தீர்ப்பான்.

ஏன் முதலே எண்டா, அரச வேலை எண்டா இப்ப உங்களுக்கு வருசத்துக்கு 21 கசுவல், 24 வெக்கேசன் லீவு இருக்கு, சம்பளமும் வருது, ரெண்டு கூட்டம் பிழைச்சாலும் மூண்டாவதுக்குப் போகலாம். வெளிநாட்டு மாநாடு எண்டு காத்திருக்க வேண்டாம். புலம்பெயர்ந்த எங்கட எழுத்தாளர்கள் ஜேர்மனியில 1988இல தொடங்கின இலக்கியச் சந்திப்பே 2013இல யாழ்ப்பாணத்துக்கு வந்தது. சின்னக் கூட்டமா தேடுங்கோ, எல்லாரும் ஒரு மேசையில சாப்பிடுறது எதுவோ அது.

உங்களிட்டயும் பாமினி ஃபைல் இருந்தா போறதுக்கு முதல் ரெண்டு கொப்பி எடுத்து வையுங்கோ, மாத்தினாப் பிறகும் பழசை அழிக்க வேண்டாம்.